வலிப்பு நீண்டுபோனால் ஊசி ஏன் கேட்பதில்லை? மூளைச் செல்லில் என்னதான் மாறுகிறது?

கால்வாய்க்கரைக்காரன் | ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். நெல்லும் வாழையும் போடுகிறேன். மூளை, நரம்பு இதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 27 வயது. 14 வயதிலிருந்து வலிப்பு உண்டு. லெவிடிராசெட்டாம் மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இரண்டரை வருடமாக ஒன்றும் வரவில்லை. நாங்களே அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதை மறந்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன மாதம் எங்கள் சுடலைமாடன் கோவில் கொடை. இரண்டு ராத்திரி தூக்கம் கிடையாது. பந்தல் வேலை, அடுப்பு வேலை எல்லாம் அவன் தலையில். மாத்திரை தீர்ந்து நாலு நாள் ஆகியிருக்கிறது, கொடை முடிந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். சாமக்கொடை முடிந்து வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, விடியற்காலை நாலு மணி சுமாருக்கு, பந்தல் கம்பைப் பிடித்தபடி சரிந்தான். முதலில் சாமி வந்திருக்கிறது என்று நினைத்து விபூதி போட்டார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். ஓடி வந்து பார்த்தால் கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. யாரோ பைக் சாவியைக் கையில் திணித்திருந்தார்கள். அது அவன் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. ஒரு பெரியவர், தானாக நின்றுவிடும், விடு என்றார். நானும் விட்டேன். அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

நிற்கவில்லை. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர 45 நிமிடம் ஆகிவிட்டது. ஊசி போட்டார்கள், நிற்கவில்லை. இன்னொன்று போட்டார்கள், குறைந்த மாதிரி இருந்து மறுபடி இழுத்தது. அப்புறம் வேறு மருந்தை டிரிப்பில் ஏற்றிய பிறகுதான் அடங்கியது. மூன்று நாள் ஐசியூ. டாக்டர் சொன்ன வார்த்தை இது: "நேரம் போகப் போக இந்த ஊசி பிடிக்கிற இடமே மூளையில குறைஞ்சிரும்." அவர் அவசரத்தில் இருந்தார். மேற்கொண்டு கேட்க எனக்கும் தெம்பில்லை.

மருந்து பிடிக்கிற இடம் என்றால் என்ன? அது எப்படிக் குறையும்? குறைந்தது திரும்பி வருமா, இல்லை அவன் மூளை இனி மாறியது மாறியதுதானா?

---

பத்தமடை சிஸ்டர் | ஞாயிறு, இரவு 9:48

தம்பி, முதலில் ஒன்று. உன்மேல் பழி போட்டுக்கொள்ளாதே. 31 வருடம் அவசரப் பிரிவிலும் வார்டிலும் செவிலியராக இருந்தவள் சொல்கிறேன், சாவியைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் காரணம்.

நீ சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் வந்த ஆளுக்கு ஒரே ஊசியில் நிற்கும். அதே ஊசி, அதே அளவு, ஒரு மணி நேரம் கழித்து வந்த ஆளுக்குத் தண்ணீர் ஏற்றிய மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் அது எங்களுக்கு அனுபவமாகத் தெரியும், ஏன் என்று தெரியாது. இங்கே நரம்பியல் படிக்கிற பிள்ளை ஒன்று உண்டு, அவள் வந்து சொல்லட்டும்.

---

வடகிழக்குப் பருவம் | ஞாயிறு, இரவு 11:20

சிஸ்டர் கூப்பிட்டது என்னைத்தான் என்று நினைக்கிறேன். நான் வீரவநல்லூர்க்காரி, இப்போது வெளியூரில் நரம்பியல் ஆராய்ச்சி மாணவி. டாக்டர் அல்ல. அண்ணாச்சி, உங்கள் தம்பிக்கு என்ன மருந்து என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். செல்லுக்குள் நடப்பதை நான் சொல்கிறேன்.

உங்களுக்குக் கால்வாய்ப் பாசனம் என்பதால் அதை வைத்தே சொல்லிவிடலாம். மூளையில் ஒரு செல் இன்னொரு செல்லிடம் பேசுவது ரசாயனங்களால். துள்ளு என்று சொல்கிற ரசாயனம் குளுட்டமேட். அடங்கு என்று சொல்வது காபா. காபா வந்து உட்காருவதற்குச் செல்லின் தோலில் ஒரு மடை இருக்கிறது. அதைத்தான் காபா ஏற்பி என்கிறோம். ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளை விட்டிருக்கும். காபா உட்கார்ந்தால் துளை திறக்கும், வெளியிலிருந்து குளோரைடு உள்ளே பாயும். குளோரைடு பாய்ந்த செல் அடங்கிவிடும். வயலில் தண்ணீர் பாய்ந்து மண் குளிர்கிற மாதிரி.

தம்பிக்கு முதலில் போட்ட ஊசி டயஸெபாம், லோரசெபாம், மிடசோலாம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த மருந்துகள் தாமாக மடையைத் திறப்பதில்லை. காபா திறக்கும்போது கூடச் சேர்ந்து, மடை அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. ஆக மடை இருந்தால்தான் மருந்துக்கு வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு நிற்காமல் ஓடும்போது அந்த மடைகளைச் செல் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. தோல் உள்பக்கமாகக் குழிந்து, சின்னக் குமிழியாகி, ஏற்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். சாதாரண நேரத்திலும் இது நடப்பதுதான். உள்ளே போனது கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிடும். நீண்ட வலிப்பில் போவது அதிகம், வருவது குறைவு. இதெல்லாம் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நடக்கிறது. எலிகளில் கபூரும் மெக்டொனால்டும் 1997ல் காட்டியது இது: 10 நிமிடம் ஓடிய வலிப்பை நிறுத்தத் தேவைப்பட்ட டயஸெபாமைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு, 45 நிமிடம் ஓடிய வலிப்பை நிறுத்தத் தேவைப்பட்டது. 2005ல் நெய்லர், வாஸ்டர்லெய்ன் குழுவினர் ஏற்பிகள் செல்லும் செல்லும் சந்திக்கிற இணைப்பிலிருந்து உள்ளே நகர்வதையே படம் எடுத்துக் காட்டினார்கள்.

அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் இன்னொன்று நடக்கிறது. துள்ளு என்கிற செய்தியை வாங்குகிற என்எம்டிஏ ஏற்பிகள் உள்ளேயிருந்து மேலே வந்து சேர்கின்றன. அடக்குகிற மடை குறைய, துள்ளவைக்கிற மடை கூடுகிறது. அதனால்தான் ஐந்து நிமிடத்தில் நிற்காத வலிப்பு, அப்புறம் தானாக நிற்பது கடினம். உலக வலிப்பு மருத்துவர் அமைப்பு 2015ல் வகுத்த கணக்கிலும் கை கால் வெட்டுகிற வலிப்புக்கு 5 நிமிடம் ஒரு கோடு, 30 நிமிடம் ஒரு கோடு. ஐந்து தாண்டினால் சிகிச்சை தொடங்கியாக வேண்டும். முப்பது தாண்டினால் நிரந்தரப் பாதிப்புக்கு இடமுண்டு.

தம்பிக்கு கடைசியாக டிரிப்பில் ஏற்றியது வேறு வகை மருந்தாக இருந்திருக்கும். ஃபாஸ்ஃபெனிட்டாய்ன் என்றால் அது சோடியம் பாதையை அடைப்பது, காபா மடை தேவையில்லை. லெவிடிராசெட்டாமுக்கும் வேறு வழி. அதனால் அவை கேட்க வாய்ப்பு உண்டு. அதுவும் உறுதி கிடையாது. அந்த இரண்டையும் வால்ப்ரோயேட்டையும் ஒப்பிட்டு 2019ல் வந்த பெரிய ஆய்வில், முதல் ஊசிக்கு அடங்காத நோயாளிகளில் மூன்று மருந்துமே பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத்தான் நிறுத்திக் கொடுத்தன. தம்பி மீண்டு வந்தது பெரிய ஆறுதல் அண்ணாச்சி.

நிரந்தரமா என்ற கேள்விக்கு நாளைக்கு எழுதுகிறேன். அதை அவசரமாக எழுதக் கூடாது.

---

முக்கூடல் அம்மா | திங்கள், காலை 6:05

ராத்திரி படித்தேன், தூக்கம் வரவில்லை. என் மகளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு ஜன்னி வந்தது, இரண்டு தடவை. இரண்டும் இரண்டு மூன்று நிமிடம்தான். இப்போது எட்டு வயது, நன்றாகப் படிக்கிறாள். அன்றைக்கே அவள் மூளையில் இந்த மடையெல்லாம் போய்விட்டிருக்குமா? நான் வீட்டில் பீடி சுற்றுகிறவள். தட்டை மடியில் வைத்தால் கை ஓடவில்லை. யாராவது சொல்லுங்கள்.

---

வடகிழக்குப் பருவம் | திங்கள், காலை 7:30

அக்கா, உங்களுக்காகத்தான் வகுப்புக்குப் போகுமுன் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வருகிற குறுகிய வலிப்பு, நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருகிறது. மிகப் பெரும்பாலானவர்கள் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்துவிடுகிறார்கள். நான் மேலே சொன்னதெல்லாம் நிற்காமல் நீண்டு ஓடும் வலிப்பைப் பற்றியது. இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கியது அந்தக் கணக்கில் வராது.

சின்ன வயது மூளை வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. பிறந்து பத்து நாளான எலிக்குட்டிகளுக்கு நீண்ட வலிப்பை உண்டாக்கிப் பார்த்தபோது, பெரிய எலிகளில் குறைகிற ஏற்பித் துண்டு குட்டிகளில் கூடியது, அவற்றுக்குப் பின்னால் வலிப்பு நோயும் வரவில்லை. எலியை வைத்து மனிதக் குழந்தைக்கு நேரடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் வயது என்பது பெரிய வித்தியாசம். மகள் எட்டு வயதில் நன்றாகப் படிக்கிறாள் என்கிறீர்கள், அதுவே உங்களுக்குப் பதில்.

---

பேட்டை வாசகன் | திங்கள், பகல் 1:15

இந்த இழையில் எனக்கு ஒரு வருத்தம். என் மனைவிக்கு 20 வருடமாக வலிப்பு. "ஒவ்வொரு வலிப்புக்கும் மூளை கெட்டுக்கொண்டே வரும்" என்று ஒருவர் சொல்லி, ஒவ்வொரு தடவை வந்தபிறகும் அவள் இரண்டு நாள் அழுவாள். பேர் மறந்துபோனால்கூட, மூளை போய்விட்டது பார் என்பாள். கல்யாணத்துக்கு முன்பு மறைத்து வைத்தார்கள் என்று எங்கள் வீட்டில் பேசியதும் உண்டு. நான் அன்றைக்கும் அவள் பக்கம்தான் நின்றேன், இன்றைக்கும் நிற்கிறேன். ஆராய்ச்சியாளர் தங்கைக்கு ஒரு வேண்டுகோள். எலிக்கு நடந்ததை மனிதருக்குச் சொல்லும்போது இப்படி ஒரு வீடு அதைப் படிக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

---

பத்தமடை சிஸ்டர் | திங்கள், பகல் 1:40

அந்த மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள் தம்பி. இன்னொன்றும் சொல்லுங்கள். வலிப்பு இருப்பது இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு காலத்தில் குறையாக எழுதப்பட்டிருந்தது, 1999ல் அதை எடுத்துவிட்டார்கள். இது தெரியாமல் இன்னமும் பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பேர் மறப்பது மாத்திரையாலும் வரும், தூக்கமில்லாமலும் வரும், கவலையாலும் வரும். அடுத்த தடவை டாக்டரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

---

வடகிழக்குப் பருவம் | திங்கள், இரவு 10:05

பேட்டை அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு, எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். உங்கள் வருத்தம் நியாயமானது.

வலிப்பு வலிப்பை வளர்க்கும் என்ற எண்ணம் பழையது. லண்டன் மருத்துவர் கௌவர்ஸ் 1881லேயே அப்படி எழுதியிருக்கிறார். 1967ல் கனடாவில் கிரஹாம் கோடார்ட் அதற்கு ஒரு வலுவான சான்று கொடுத்தார். எலியின் மூளையில் அமிக்டலா என்ற இடத்தில் தினம் ஒரு தடவை மிக லேசாக மின்சாரம் பாய்ச்சினார். முதல் நாள் எலிக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதே அளவு, அதே இடம், தினமும். நாள் போகப் போக எலி கண் சிமிட்டியது, தலையாட்டியது, கடைசியில் உடம்பு முழுக்க வலிப்பு வந்தது. வாரக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு மறுபடி அதே லேசான மின்சாரத்தைக் கொடுத்தால், உடனே முழு வலிப்பு. மூளை மறக்கவில்லை. ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைக்கிற மாதிரி என்பதால் இதற்குப் பற்றவைத்தல் என்றே ஆங்கிலத்தில் பேர் வைத்தார்கள்.

நம் தென்னிந்தியாவில் அதிகம் காணப்படுகிற மாதிரி ஒன்று உண்டு, தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது வருகிற வலிப்பு. பெங்களூரில் இருக்கிற நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். எலிகளிலும் வெந்நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் இதே மாதிரி பற்றிக்கொள்கிறது.

சரி, இனி ஏற்பிக்கு வருகிறேன். நீண்ட வலிப்பு ஒன்று நடந்து முடிந்து, எலி பார்வைக்கு நன்றாக இருக்கிறது. சில வாரம் கழித்துத் தானாக வலிப்பு வர ஆரம்பிக்கிறது. இடைப்பட்ட அமைதியான நாட்களில் என்ன நடந்தது? 1998ல் ப்ரூக்ஸ்-கயால் குழுவினர் ஹிப்போகாம்பஸ் என்ற, ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பகுதியில் ஒவ்வொரு செல்லாக எடுத்துப் பார்த்தார்கள். காபா ஏற்பியின் ஐந்து துண்டுகளில் ஆல்ஃபா-1 என்ற துண்டு குறைந்து, அந்த இடத்தில் ஆல்ஃபா-4 கூடியிருந்தது. மடையே வேறு மரத்தில் செய்தது போல ஆகிவிட்டது. ஆல்ஃபா-4 உள்ள மடையில் டயஸெபாம் உட்காராது. துத்தநாகம் பட்டால் சுலபமாக அடைத்துக்கொள்ளும். முக்கியமானது, இந்த மாற்றம் தானாக வரும் வலிப்புகளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. இது முன்பு சொன்ன உள்ளிழுப்பு மாதிரி நிமிடக் கணக்கு கிடையாது. செல்லின் மரபணு எந்தத் துண்டை எவ்வளவு செய்ய வேண்டும் என்ற கணக்கையே மாற்றிவிட்டது. அதனால்தான் நீடிக்கிறது. 2006ல் அதே குழு ஆல்ஃபா-1 மரபணுவை எலியின் ஹிப்போகாம்பஸில் கூடுதலாக வைத்துப் பார்த்தது. பல எலிகளுக்கு வலிப்பு நோய் வருவது தடுக்கப்பட்டது. ஆகவே அந்த மாற்றம் சும்மா கூட நிற்கிற சாட்சி மட்டும் கிடையாது, நோயை உண்டாக்குவதில் அதற்கும் கை இருக்கிறது.

இப்போது பேட்டை அண்ணனுக்கு. மனிதரில் கதை இவ்வளவு நேராக இல்லை. முதல் ஒன்றிரண்டு வலிப்பு வந்தவர்களில் உடனே மாத்திரை தொடங்கியவர்களையும் காத்திருந்தவர்களையும் பிரிட்டனில் ஒப்பிட்டார்கள், 2005ல் வெளியானது. உடனே தொடங்கினால் அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் வலிப்பு குறைந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிலை. கென்யாவின் கிராமப் பகுதிகளில் பல வருடம் மருந்தே இல்லாமல் வலிப்போடு இருந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தபோதும் நல்ல பலன் கிடைத்தது, அது 1991ல் வந்தது. ஒவ்வொரு வலிப்பும் கட்டாயம் அடுத்ததை வளர்க்கும் என்றால் இவர்களுக்குக் கேட்டிருக்கக் கூடாது. கிளாஸ்கோவில் 525 பேரைப் பின்தொடர்ந்து 2000ல் வந்த ஆய்வில் 63 சதவீதம் பேர் வலிப்பே இல்லாமல் இருந்தார்கள். ஆக, குறுகிய வலிப்பு ஒன்று வந்து போனதற்கு அக்கா அழ வேண்டியதில்லை. அதை நீங்கள் என் பேரைச் சொல்லியே அவரிடம் சொல்லலாம்.

நான் கவலைப்படுவது இரண்டு விஷயத்துக்குத்தான். ஐந்து நிமிடம் தாண்டி ஓடுவது ஒன்று. மருந்துக்கு அடங்காமல் அடிக்கடி, வருடக்கணக்கில் வந்துகொண்டிருப்பது இன்னொன்று.

---

கால்வாய்க்கரைக்காரன் | செவ்வாய், காலை 5:40

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். தண்ணீர் பாய்ச்சப் போய் வரப்பில் உட்கார்ந்து மூன்றாம் தடவை படித்தேன். மடை என்று சொன்னது எனக்குப் புரிகிற பாஷை.

ஒரு சந்தேகம். பிசானத்துக்குப் பாய்ச்சும்போது எங்களுக்கு ஒரு தொல்லை வரும். மழை பிடித்துக்கொண்டு வயலில் தண்ணீர் கெத்திக்கொண்டு நிற்கும், கால்வாயில் மட்டம் இறங்கியிருக்கும். அப்போது மடையைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குள் வராது, வயலிலிருந்து கால்வாய்க்கு ஓடும். மடை மேல் குற்றமில்லை, மட்டம் மாறிவிட்டது. செல்லுக்குள் குளோரைடு ஏற்கெனவே நிறைய இருந்தால் இதே கதைதானே ஆகும்? அப்போது காபா வந்து திறந்தால் என்ன ஆகும்?

---

வடகிழக்குப் பருவம் | செவ்வாய், காலை 8:10

அண்ணாச்சி, நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து விட்டுவிட்டதை நீங்களே பிடித்துவிட்டீர்கள்.

அதேதான் நடக்கிறது. செல்லுக்குள் சேருகிற குளோரைடை வெளியே இறைத்துக்கொண்டே இருக்க ஒரு பம்பு உண்டு, கேசிசி-2 என்று பேர். உள்ளே இழுத்துவிடுகிற இன்னொரு பம்பு என்கேசிசி-1. பிறந்த குழந்தையின் மூளையில் இரண்டாவது ஓங்கியிருக்கும், வளர வளர முதலாவது ஓங்கும். திரும்பத் திரும்ப வலிப்பு வந்த திசுக்களில் இறைக்கிற பம்பு குறைந்து, சில செல்களில் வயல் மட்டம் ஏறிவிடுகிறது. அப்போது காபா மடையைத் திறந்தால் குளோரைடு வெளியே ஓடும், அடங்க வேண்டிய செல் துள்ளும். அடக்குகிற ரசாயனமே துள்ளவைக்கிறது.

இது எலியில் மட்டும் பார்த்ததில்லை. மருந்துக்கு அடங்காதவர்களுக்கு அறுவை செய்து மூளையின் நோயுற்ற ஒரு சிறு பகுதியை எடுப்பார்கள். பாரிஸில் அப்படி எடுத்த மனிதத் திசுவை உயிரோடு வைத்து ஆராய்ந்து, அதில் ஒரு பகுதிச் செல்களை காபா துள்ளவைப்பதை 2002ல் காட்டினார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு இப்போது பதில். அன்றைக்கு உள்ளே போன ஏற்பிகளில் நிறைய திரும்பி வரக்கூடியவை. வலிப்பு அடங்கினால் செல் தன் தோலைச் சீர்செய்துகொள்ளும். துண்டுகள் மாறிப்போவதும் பம்பு குறைவதும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கக்கூடியவை, சில வேளை அதற்கும் மேலே. தம்பிக்கு எது எவ்வளவு என்று வெளியிலிருந்து யாரும் அளந்து சொல்ல முடியாது, வழக்கமாக எடுக்கிற ஸ்கேனிலும் இது தெரியாது. அடுத்த நீண்ட வலிப்பு வராமல் பார்ப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

---

மருந்துக்கடைத் தம்பி | செவ்வாய், பகல் 3:20

நான் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வலிப்பு மாத்திரைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தீர்ந்த பிறகுதான் வருகிறார்கள். "ரெண்டு நாள்தானே" என்பார்கள். கொடை, கல்யாணம், தேர்வு, வெளியூர்ப் பயணம், எப்போதும் இந்த நேரங்களில்தான். தூக்கமும் கெடும், மாத்திரையும் நிற்கும், இரண்டும் சேர்ந்துகொள்ளும். அட்டையில் கடைசி பத்து மாத்திரை இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் வாங்குகிறவர்கள் மாத்திரை தருகிற நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

மூக்கில் அடிக்கிற மிடசோலாம் ஸ்ப்ரே இப்போது கிடைக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டோம். அதனால் டாக்டரிடம் நீங்களே கேட்டு எழுதி வாங்க வேண்டும். கேட்காமல் எழுதுகிறவர்கள் குறைவு.

---

பத்தமடை சிஸ்டர் | செவ்வாய், மாலை 5:00

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் முதல் வேலை மணி பார்ப்பது. பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், பத்து நிமிடம் ஒன்றாகவும் தெரியும், நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஒருச்சாய்த்துப் படுக்கவை, தலைக்கு அடியில் துண்டோ வேட்டியோ மடித்து வை, வாயில் ஒன்றும் வைக்காதே, கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதே. சாவி, அரிவாள், இரும்பு எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் ஆனதும் ஸ்ப்ரே இருந்தால் டாக்டர் சொன்ன அளவில் அடி, 108க்குப் போன் செய். ஸ்ப்ரே இல்லையென்றால் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்காதே, அப்போதே 108. நம் ஊர்களிலிருந்து ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேரவே எவ்வளவு நேரம் ஆகிறது, தெரியும்தானே.

ஆறு, கிணறு, குளம் இதில் தனியாகக் குளிக்க விடாதே. தாமிரபரணியில் முழங்கால் தண்ணீர் போதும் ஆளைக் கொண்டுபோக.

---

முக்கூடல் அம்மா | செவ்வாய், இரவு 8:30

சிஸ்டர் அக்கா எழுதியதை என் மகள் பெரிய எழுத்தில் எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். எங்கள் வளவில் ஒரு பையனுக்கு வலிப்பு உண்டு. அவன் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவளை உட்கார வைத்து இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கடிகாரத்தில் ஐந்து நிமிடம் எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள். பெரிய முள் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு வரவேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன்.

---

பேட்டை வாசகன் | செவ்வாய், இரவு 9:15

மனைவியிடம் கிளாஸ்கோ கணக்கையும் கென்யாவையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இருபது வருஷம் கழிச்சா இதைச் சொல்லுறீங்க" என்றாள். நன்றி தங்கச்சி.

---

கால்வாய்க்கரைக்காரன் | வியாழன், இரவு 8:50

இன்றைக்கு டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். ஸ்ப்ரே கேட்டு எழுதி வாங்கினேன். இரண்டு வாங்கியிருக்கிறோம், ஒன்று வீட்டில் சாமி அலமாரியில், ஒன்று தம்பி வேலை பார்க்கிற கடையில். மைனிக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அடிக்கிற முறையைக் காட்டிக் கொடுத்தேன். அடுத்த கொடைக்குப் பந்தல் வேலை என் பொறுப்பு, அவன் ராத்திரி பத்து மணிக்குப் படுத்துவிட வேண்டும் என்று கோவில் கமிட்டியில் சொல்லிவிட்டேன். அவர்களும் சரி என்றார்கள்.

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் கேட்கச் சொன்னதை அவனே எழுதட்டும்.

அண்ணாச்சி போனிலிருந்து நான்தான் தம்பி எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. எனக்கு அன்றைக்கு நடந்ததில் வில்லில் கட்டியிருக்கிற மணிச் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் ஆஸ்பத்திரி மின்விசிறிதான். நடுவில் அண்ணன் என்ன பாடுபட்டான் என்பதை இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மருந்துக்கடை அண்ணனிடம் ஒரு கேள்வி. எங்கள் கடை தகரக் கூரை, மத்தியானம் நெருப்பாக இருக்கும். ஸ்ப்ரேயை மேஜை டிராயரில் வைக்கலாமா, இல்லை பைக் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டுமா?

---

மருந்துக்கடைத் தம்பி | வியாழன், இரவு 9:20

பைக் பெட்டி வேண்டவே வேண்டாம் தம்பி, வெயிலில் அது அடுப்பு. ஸ்ப்ரே பெட்டியின் பக்கவாட்டில் எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கும், காலாவதித் தேதியும் இருக்கும், இரண்டையும் பார். டிராயரும் தகரத்துக்கு அடியில் என்றால் சூடாகத்தான் இருக்கும். கடைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடோ டீக்கடையோ நிழலாக இருந்தால் அங்கே கொடுத்து வை, கடைக்காரருக்கும் எப்படி அடிப்பது என்று காட்டி வை. நாளைக்குப் பாளைக்கு வருகிற வேலை இருந்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு வா, நான் பார்த்துச் சொல்கிறேன்.